வெள்ளையாக இருந்த பைப்

ஏங்க,

நான் வேலைக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது, சூடு பண்ணிச் சாப்பிடுங்கள். குழாய் ரிப்பேர்க்காரர் பதினொரு மணிக்கு வருவார். ஒழுகுவது சமையலறைக் குழாய் மட்டும்தான். அவரிடம் ஊர்க்கதை பேசி பாத்ரூம் குழாயையும் கழற்ற வைக்காதீர்கள்.

உங்கள் புகையிலை பைப்பை, அந்த வெள்ளை மீர்ஷாம் கல் பைப்பைத் துடைத்தேன். தண்ணீர் படாமல், மெத்தென்ற துணியால், நீங்கள் சொல்லிக்கொடுத்தபடியேதான். நெஞ்சு ஆபரேஷன் முடிந்த மாதம் அதை வாங்கி வந்து, "சும்மா அழகுக்குத்தான், பத்தவே வைக்கமாட்டேன்" என்றீர்கள். அதே வாயால் இன்னொன்றும் சொன்னீர்கள்: "இந்தக் கல்லு புகையைக் குடிச்சாதான் தேன் கலருக்கு வரும். இல்லேன்னா நூறு வருஷமானாலும் வெள்ளைதான்."

அடிப்பக்கம் டீ கலருக்கு வந்திருக்கிறது.

வெயில் பட்டிருக்கும் என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த அலமாரிக்குக் கதவு இருக்கிறது.

நான் சண்டை போடப் போவதில்லை. பேச்சில் உங்களை ஜெயிக்க முடியாது என்பது கல்யாணமான வாரமே தெரிந்துவிட்டது.

நாலு மணிக்கு டாக்டரைப் பார்க்கணும். நான் நேரே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுகிறேன். மாத்திரைச் சீட்டை மறக்க வேண்டாம். வீட்டைப் பூட்டிச் சாவியைக் கீழ்வீட்டு அக்காவிடம் கொடுங்கள்.

பி.கு. பைப்பைத் தேடி அலமாரியைக் கலைக்காதீர்கள். பஞ்சில் சுற்றி என் கைப்பையில் வைத்திருக்கிறேன், உடையாது. "புகை பிடிக்கிறதை விட்டுட்டீங்களா?" என்று டாக்டர் கேட்டால் நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம். அதை எடுத்து அவர் மேஜை மேல் வைத்துவிடுகிறேன்.