செம்புக் குடமும் உன் சிவப்பு இறால்களும்

என் ராசாத் தம்பி தினேஷுக்கு,

குஞ்சு பொரிஞ்சிருச்சுடா! உட்கார்ந்து எழுதப் பொறுமையில்லை, உன் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே எழுதுகிறேன். எள்ளுப் போல இருபத்து மூன்று இறால் குஞ்சுகள். நானே எண்ணினேன். பாசிக்குள் இன்னும் இருக்கும்.

"எனக்குக் கைராசி இல்லக்கா" என்று சொல்லிக்கொண்டே இருப்பாயே. நான்கு முறை வாங்கி வந்தாய், நான்கு முறையும் செத்தன. ஒவ்வொரு முறையும் தொட்டியைக் கழுவி, மாதக்கணக்கில் காத்திருந்து, மறுபடி ஆரம்பித்தாய். கம்பெனிப் புகை என்றாய், தூசி என்றாய், வேட்டியைக் கிழித்துத் தொட்டியை மூடினாய். நான் என்ன செய்தேன்? "கடல் பக்கத்துலயே இருந்துகினு கடையில எறா வாங்கியாறான் பாரு, அதுவும் தொக்குக்கு ஆவாதது" என்று ஆரம்பாக்கம் முழுக்கச் சொல்லிச் சிரித்தேன்.

ஐந்தாம் முறை பன்னிரண்டு வாங்கி வந்தாய். மறுநாளே காய்ச்சலில் படுத்தாய். மூன்றே நாள். கைராசி இல்லாதவன் என்று நம்பிக்கொண்டேதான் போனாய். அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

உன் காரியம் முடியும் வரை, பதினாறு நாளும், யாரும் தொட்டிப் பக்கம் போகவில்லை. அப்புறம் அம்மா, "அத்த யாருக்காச்சும் குட்த்துடுடீ, பாத்தா வயிறு எரியுது" என்றாள். காலி செய்யத்தான் போனேன். தண்ணீர் நாலு விரல் இறங்கியிருந்தது. ஆனால் பன்னிரண்டும் உயிரோடு! ஒன்றின் வயிற்றடியில் கொத்தாக முட்டை! அழுதுவிட்டேன்டா. அழுதுகொண்டே குறைந்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றி நிரப்பினேன்.

மறுநாள் காலை இரண்டு செத்துக் கிடந்தன.

ஒரு பாட்டில் தொட்டித் தண்ணீரை எடுத்துக்கொண்டு, ரயிலேறி, கும்மிடிப்பூண்டியில் நீ வாங்கும் மீன் கடைக்கு ஓடினேன். "இன்னா தண்ணிக்கா ஊத்துன?" என்றார் கடைக்காரர்.

"கண்டதையும் ஊத்துவனா? நாங்க குடிக்கிற தண்ணிபா. செம்புக் குடத்துல ஊறவெச்சது."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அய்யோ, செம்பு எறாவுக்கு வெஷம்கா! துளி எறங்குனாலே போதும்."

நான்கு முறையும் நடந்தது என்ன என்று அப்போதுதான் புரிந்தது. நீ தொட்டிக்கென்று பக்கெட்டில் தண்ணீர் பிடித்து, இரண்டு நாள் ஆறட்டும் என்று வைத்துவிட்டு ஷிப்டுக்குப் போவாய். தம்பி ஆசையாக வளர்ப்பதற்குப் பக்கெட் தண்ணீரா என்று, நீ போனதும் நான்தான் குடத்துத் தண்ணீரை ஊற்றுவேன். உடம்புக்கு நல்லது என்று நமக்கெல்லாம் தருவதைத்தானே தந்தேன்? நான் ஏன் உன்னிடம் சொல்லவில்லை? நீயாவது ஏன் கேட்கவில்லை? உன் கையில் ஒரு குறையும் இல்லைடா. கொன்றது நான்.

அழுது என்ன பிரயோஜனம்? உன் பக்கெட்டையே எடுத்தேன். பழைய தண்ணீரை டம்ளர் டம்ளராக மொண்டு கொட்டி, உன்னைப் போலவே ஆறவைத்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன், ஒரு வாரம். இன்னும் ஒன்று போனது. முட்டைக்காரி மட்டும் விடாப்பிடியாகச் சின்னக் கால்களால் முட்டைகளை விசிறிக்கொண்டே இருந்தாள். வேலையில் இரண்டு முறை லீவு கேட்டேன். "இன்னாம்மா, ஊட்ல பிரசவமா?" என்றார் சூப்பர்வைசர். ஆமாம் சார் என்றேன்!

இன்று காலை முதலில் பார்த்தது நானில்லை. தொட்டிப் பக்கமே திரும்பாத அம்மா. "அடியே செல்வி, ஓடியா! தூசி நீந்துதுடீ!" என்று கத்தினாள். கண்ணாடியில் மூக்கு படக் குனிந்து நின்றாள். அப்போதுதான் குடத்துக் கதையை அவளிடம் சொன்னேன். அடி விழும் என்று நினைத்தேன்.

"அப்ப எம்புள்ள கை நல்ல கைதானேடீ" என்றாள்.

செருப்புக்கூடப் போடாமல் தெருவுக்குப் போய், பார்த்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள். நானும் பின்னாலேயே போய், "தப்பு என்னுதுதான், அவனுது இல்ல" என்று சத்தமாகச் சொன்னேன். வெட்கமே இல்லை, பெருமையாக இருந்தது.

இவை வளரட்டும். யார் யாரிடம் உன்னைச் சொல்லிச் சிரித்தேனோ, அவர்கள் வீட்டுக்கெல்லாம் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். "இது என் தம்பி கைராசி" என்று சொல்லித்தான் கொடுப்பேன். இது சத்தியம்டா.

உன் கையைத் தாமதமாகப் புரிந்துகொண்ட,
அக்கா செல்வி