முழு மாத்திரை

ஏங்க, எழுப்ப மனசு வரல. சாப்பாடு மூடி வச்சிருக்கேன். வெளிய போனா சாவியைப் பக்கத்து வீட்டு அக்காகிட்ட குடுத்துடுங்க.

நேத்து ஆலைக் கூட்டத்துல, கட்டுப்படியாகாம பிரஷர் மாத்திரையைப் பாதியா வெட்டிப் போடுறேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டீங்க. மானம் போச்சுன்னு வழி நெடுகத் திட்டினேன். ஆனா நீங்க சொன்ன பிறகுதானே, 'நானும் அப்படித்தான்'னு பதினேழு பேர் கை தூக்கினாங்க.

காலையில சங்கச் செயலாளர் போன் பண்ணார். ஆஸ்பத்திரியில படுத்தா மட்டும் உதவின வைத்திய நிதி, இனி மாசாமாசம் மாத்திரையும் தருமாம். நம்ம சம்பளத்துல பிடிக்கிற அளவுக்கு முதலாளியும் போடுவாராம். "எல்லாம் உங்க வீட்டுக்காரராலதான்"னார். இன்னிக்கு ஆலைக்குள்ள தலை நிமிர்ந்து நுழையப் போறேன்.

முழு மாத்திரையா போடுங்க. பிளேடைத் தூக்கிப் போட்டுட்டேன்.

இன்னொண்ணு. அந்தப் பதினேழுல, கடைசி வரிசையில தூக்கின கை ஒண்ணு என்னோடது. என் சுகர் மாத்திரையை அதே பிளேடாலதான் வெட்டிட்டிருந்தேன்.