சாய்வில்லாத தொடுகோடு

சண்டைக்காரி கயலுக்கு,

நீ எழுதிய கடைசித் தேர்வுத்தாள் திருத்தி வந்துவிட்டது. காய்ச்சலோடு உன்னைத் தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்கு முந்தின நாள் எழுதினாயே, வட்டமும் தொடுகோடும், அதுதான். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, உன் தாளோடு கணக்கு சார் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"மாமன் மகதான ஒனக்கு? வீட்ல குடுத்திரு."

பெற்றோர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. உன் அம்மா சுருளிப்பட்டித் தோட்டத்தில் பந்தலுக்கடியில் திராட்சைக் குலை வெட்டிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். மதிப்பெண்ணைப் பார்க்கவில்லை. உன் எழுத்தைத் தடவிக்கொண்டே வந்த விரல் ஒரு சிவப்புக் கோட்டில் நின்றது.

"இது என்னாத்தா, குறுக்க அடிச்சிருக்காக? எம்மக தப்பாப் போட்டுட்டாளா?"

"இல்ல அத்தே, இது சரிதான். சார்கிட்டச் சொல்லி மாத்திட்டு வாரேன். அப்புறம் கையெழுத்துப் போடுங்க."

எனக்கு எங்கிருந்து வந்தது அந்தத் தைரியம்?

x² + y² = 25 என்ற வட்டத்துக்கு (5, 10) என்ற புள்ளியிலிருந்து தொடுகோடுகள் காண வேண்டும். வகுப்பே சாய்வை m என்று வைத்துத் தொடங்கியது, நானும்தான். m² இரண்டு பக்கமும் அடிபட்டுப்போய் m = 3/4 என்று ஒன்றுதான் வந்தது. ஒரு கோட்டை எழுதிவிட்டு நிமிர்ந்துவிட்டோம். நீ மட்டும் முதலில் படம் வரைந்திருக்கிறாய். வெளியே இருக்கிற புள்ளியிலிருந்து இரண்டு தொடுகோடுகள் வந்தாக வேண்டுமே, இன்னொன்று எங்கே என்று தேடியிருக்கிறாய். அது (5, 0)-இல் வட்டத்தைத் தொட்டுக்கொண்டு நட்டுக்குத்தாக நிற்கிறது. அப்படி நிற்கிற கோட்டுக்குச் சாய்வு கிடையாது. m-ஐ வைத்துத் தேடினால் அகப்படாது. x = 5 என்று எழுதினாய். சார் அதைத்தான் அடித்திருக்கிறார்.

ஆசிரியர் அறைக்குப் போனேன்.

"விடைக்குறிப்புல ஒண்ணுதான்மா இருக்கு. சாய்வே இல்லாத கோடு எங்கிட்டிருந்து வரும்?"

"படம் போட்டுப் பாருங்க சார்."

"கோலம் போடுறதை மார்கழிக்கு வச்சுக்க."

நானே அவர் மேசையில் வரைந்தேன். மையத்திலிருந்து அந்தக் கோட்டுக்குத் தூரம் ஐந்து. ஆரமும் ஐந்து. தொடாமல் என்ன செய்யும்? சார் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

"சரி, பாவம். போன புள்ள. ரெண்டு மார்க்கு போட்டுவிடுறேன்."

நான் தாளை இழுத்துக்கொண்டேன். "பாவத்துக்கு வேணாம் சார். சரின்னா சரின்னு போடுங்க."

"வாய் அந்தப் புள்ளைக்கு மேல இருக்கே. வெளிய போ."

போனேன். மறுநாளும் வந்து நின்றேன். இன்றைக்கும் நின்றேன். பின்பெஞ்சுப் பயல்கள் என்னைக் கண்டால், "ஏலே, எக்ஸ் ஈக்குவல் டு ஃபைவ் வருது, ஒதுங்குங்கடா" என்கிறார்கள். சொல்லட்டும். அவர்களே இப்போது படம் வரைந்துவிட்டுத்தான் கணக்கைத் தொடுகிறார்கள்.

"இல்லாத புள்ளைக்கு மார்க்கு எதுக்குடி?" என்று என் அம்மா கேட்கிறாள். ஆள் இல்லாமல் போனால் சரியான விடை தப்பாகிவிடுமா, கயலு? சாருக்கு விளங்கிவிட்டது. அன்றைக்கே முகத்தில் பார்த்தேன். விளங்கியும் சொல்லாத அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நிற்கிறேன்.

நாண் நீளக் கணக்கில் நீ கூட்டலில் கோட்டைவிட்டது தப்புதான். அதற்காக நான் வாயைத் திறக்கவில்லை, திறக்கவும் மாட்டேன்.

ஆனால் x = 5-க்குப் பக்கத்தில் சார் தன் கையால் சரி என்று குறி போடும்வரை இந்தத் தாள் அத்தையிடம் போகாது. அவர் மாற்றலாகிப் பெரியகுளத்துக்குப் போனாலும் பஸ் ஏறிப் போய் நிற்பேன். அத்தை கையெழுத்துப் போடுகிற அன்று, நீ செய்த தப்பு மட்டும்தான் அதில் தப்பாக இருக்கும்.

இப்படிக்கு,
விட்டுக்கொடுக்காத உன் மதினி,
தேன்மொழி