இடுப்பளவுக்கு ஒரு சாட்சி

காந்திபுரம், கோவை.

அன்புள்ள சண்முகப்ரியா,

நான் நலம். உன் நலமும் நம் மகள் இனியாவின் இருமல் நின்றதா என்பதும் அறிய விரும்புகிறேன்.

கல்லீரல் கொழுப்பைக் குறைக்க, மருத்துவர் சொன்னபடி ஜிம்மில் சேர்ந்து ஒரு மாதமாகிறது. ஓடினால் போதும் என்றிருந்தேன். பயிற்சியாளர் மிதுன், "ஏனுங்க சார், வெறுமனே ஓடுனா சதையும் கரைஞ்சு போயிருமுங்க. மூணு நாள் வெயிட் தூக்குங்க, ரெண்டு நாள் ஓடுங்க" என்றார். எடையோ ஒரு கிலோகூடக் குறையவில்லை. கேட்டால், கொழுப்பு போய்ச் சதை ஏறியிருக்கிறதாம். இடுப்பு இரண்டு அங்குலம் குறைந்ததாக அளந்தும் காட்டுகிறார். எடைக்கருவி, நாடா, விளக்கம் மூன்றும் அவருடையவை. எதை நம்பித் தொடர்வது?

தீபாவளியன்று பொத்தான் பூட்ட முடியாமல் அங்கே வீட்டிலேயே விட்டுவந்த நீலச் சட்டை தேவைப்படுகிறது. முன்பு எப்படியிருந்தேன் என்று சொல்ல இங்கே எவருமில்லை. ஆகவே அஞ்சலில் அனுப்பாதே. நீயே கொண்டுவந்து, பூட்டிப் பார்த்துச் சொல்.

இன்று வாதாட ஒரு வழக்கு இருக்கிறது, நீதிமன்றத்துக்கு நேரமாகிறது.

உன்,
கதிரேசன்