சோம்பேறி என்று நான் சொன்னது

செவ்வாய்க்கிழமை, இரவு.

என் மனைவி செல்வியை இன்று பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மூன்று மாதமாக மத்தியானத்துக்குமேல் அவளுடைய இமைகள் தானாகச் சரிந்துவிடும். தேயிலைக் கொழுந்து பறிக்கிற விரல்கள் தளர்ந்துபோகும். தோட்டத்தில் வேலை வாங்குகிற கங்காணி திட்டினார். நானும் அவளைச் சோம்பேறி என்றேன்.

டாக்டர் அம்மா பொறுமையாகச் சொன்னார்.

"நெஞ்செலும்புக்குப் பின்னால ஒரு சுரப்பி இருக்கு. கிருமியோட சண்டை போடுற டி செல்லுங்க அங்கதான் வளருது. சொந்த உடம்பையே எதிரியா நினைக்கிற செல்லுங்க அங்கேயே அழிஞ்சிடணும். இவங்களுக்கு அது ஒழுங்கா நடக்கல. தப்பி வந்த செல்லுங்க தூண்டிவிடுறதால உடம்பே தசையைத் தாக்குது. சுரப்பியில கட்டியும் இருக்கு. கொழும்புல ஆபரேஷன் செய்யணும்."

செல்வி ஒன்றுதான் கேட்டாள்.

"அப்ப நான் சோம்பேறி இல்லதானே டாக்டர்?"

"இல்லம்மா. இது நோவு."

ஊர் திரும்பும் பசறை பஸ்ஸில் அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "ஜன்னலை மூடவா?" என்றுதான் வந்தது.

தோட்டத்து லயத்தில் எங்கள் அறைக்கு வந்தபின் படுக்கும்போது சொன்னாள்.

"ஆபரேஷன்ல எனக்கு ஏதாச்சும் ஆயிட்டா, கங்காணிகிட்ட சொல்லிடுங்க. எனக்கு நெசமாவே நோவுதான்னு."

சொல்கிறேன் என்றேன். கங்காணியை மட்டும் ஏன் சொன்னாள் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.