சந்தனம் துடைத்த சிம்பல்

ஆவணி, வெள்ளிக்கிழமை. இரவு.

மெட்ராஸிலிருந்து வந்த மலிவு டிரம் செட்டைப் பார்த்துச் சொல்ல என்னைத்தான் கூப்பிட்டார்கள். சொன்னேன். அதுதான் தப்பாம்.

ஸ்டாண்டின் கால்கள் அடிக்க அடிக்க வழுக்கி இறங்குகின்றன. பெடல் ஸ்பிரிங் தொய்வு. அதையெல்லாம் வேலை பார்க்கும் வெல்டிங் ஒர்க்‌ஷாப்பில் நானே சரிசெய்துவிடுவேன். சிம்பல்தான் தேறாது. வெறும் பித்தளைத் தகடு. தட்டினால் டங்கென்று நின்றுவிடுகிறது, நாதம் நீளவே இல்லை.

எங்கள் மெல்லிசைக் குழுவை நடத்தும் கஜா அண்ணன் அதற்குள் பூஜை போட்டு, சிம்பலில் சந்தனம் குங்குமம் அப்பியிருந்தார்.

"சந்தனம் காஞ்சுதுன்னா சத்தம் வரும்பா" என்றார்.

ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி தட்டினேன். அதே டங்.

"பொட்டை அழிச்சிட்டியேடா! அதான் சத்தம் செத்துப்போச்சு."

"திருப்பிக் குடுத்துடுண்ணா."

"பூஜை போட்டதை எவன்டா திருப்பி எடுத்துக்கினு போவான்? சதுர்த்திக் கச்சேரிக்கு இதுலயே வாசி. இல்லன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

"பாருண்ணா. தாம்பாளம் தட்ட நான் எதுக்கு?"

ஸ்டூலில் தட்டித் தட்டிப் பழகியதெல்லாம் அந்த மேடைக்காகத்தான். போகட்டும். நாளை ஸ்டாண்டை மட்டும் பற்றவைத்துக் கொடுத்துவிடுவேன். எவன் அடித்தாலும் அது நிற்கும். அந்த டங்குக்கு நான் பொறுப்பில்லை.