படிகாரத்தில் கரைந்த திருகாணி

ஜீவனஹள்ளி,
பெங்களூரு.

அன்புள்ள மகா,

நானும் அப்பாவும் சுகம், மழைதான் விட்டபாடில்லை. கிளாஸ்கோவில் உன் இருமல் நின்றதா, இன்னும் ஈரத் தலையோடுதான் வகுப்புக்கு ஓடுகிறாயா? போனில் சொன்னால் அப்பா குறுக்கே புகுந்து முடிவை முதலிலேயே சொல்லிவிடுவார், அதனால் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு மௌரீன் ஆன்ட்டியின் மகன் டிரேவருக்குப் போன சனிக்கிழமை கல்யாணம். ரயில்வேயில் இருந்த அங்கிளின் பாக்கெட் கடிகாரம், அவர் இறந்ததிலிருந்து பதினோரு வருடமாக பீரோவுக்குள் ஓடாமல் கிடந்தது. கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் ஆன்ட்டி அதை என்னிடம் கொடுத்து, "அவங்க அப்பா சர்ச்சுக்கு வர முடியாது, இதாச்சும் அவன் பாக்கெட்ல ஓடணும்மா" என்றார்.

நாலு வருடமாகப் பழைய கடிகாரங்களை வாங்கி ஓடவைக்கிறேன் என்ற திமிர் எனக்கு. சாவி கொடுக்கும் சக்கரத்தைப் பிடித்திருந்த திருகாணியை வழக்கம்போல் இடப்பக்கமாகத் திருகினேன். அசையவில்லை, இன்னும் அழுத்தினேன், தலை மட்டும் முறிந்து வந்தது, மிச்சம் பித்தளைத் தகட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. அந்த ஒரு திருகாணிக்கு மட்டும் மரை எதிர்ப்பக்கம் வெட்டியிருப்பார்கள், வலப்பக்கம் திருகினால்தான் கழலும் என்று புத்தகத்தில் கோடு போட்டுப் படித்தவள்தான் நான்! அன்று சாயங்காலமே ஆன்ட்டி மதில் மேல் எட்டிப் பார்த்து, "என்னாம்மா, மூச்சு வந்துச்சா?" என்றார். வந்துவிடும் என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடி வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சந்தையில் உதிரி பாகம் விற்கும் முகேஷிடம் போனேன். அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "எல்லாரும் ஒரு தடவ உடைப்பாங்கக்கா, நீங்கதான் லேட்டு" என்றவர், படிகாரத் தண்ணீர் இரும்பைத் தின்னும், பித்தளையைத் தொடாது என்று வழி சொன்னார். அப்பா ஷேவ் செய்தபின் தடவும் படிகாரத்தை உடைத்து, கண்ணாடிக் கிண்ணத்தில் சூடாகக் கரைத்து, அந்தத் தகட்டைப் போட்டு ஆறாமல் பார்த்துக்கொண்டேன். "என் முகம் எரியுது, உன் கடிகாரம் வெந்நீர்ல குளிக்குது" என்று அப்பா புலம்பிக்கொண்டே இருந்தார். இரண்டு நாளில் திருகாணி கறுப்புப் பொடியாக உதிர்ந்தது. முகேஷ் கொடுத்த வேறொரு திருகாணி கச்சிதமாகப் பொருந்தியது. வியாழக்கிழமை சாயங்காலம் கடிகாரம் துடித்ததும் நான் அப்பாவைக்கூடக் கூப்பிடவில்லை, ஐந்து நிமிடம் எனக்கு மட்டும் என்று காதோரம் வைத்துக்கொண்டேன்.

ஆனால் ஒரு நாளைக்கு அரை மணி நேரம் வேகமாக ஓடியது, சரிசெய்ய நேரமில்லை. ஆன்ட்டியிடம் உடைத்ததையும் சேர்த்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "ஓடுதில்ல, விடு" என்று கன்னத்தைத் தட்டினார். அது வேகமாக ஓடுவதை டிரேவரிடம் சொல்ல மறந்துவிட்டார் போலிருக்கிறது. போனை மாப்பிள்ளைத் தோழனிடம் கொடுத்துவிட்டு, தன் அப்பாவின் கடிகாரத்தை மட்டும் நம்பிக் கிளம்பிய டிரேவர், சர்ச் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை விரிப்பு விரிக்கும்போதே பீடத்தின் முன்னால் கோட்டும் சூட்டுமாக நின்றிருந்தான். ஆன்ட்டி உள்ளே வந்து பார்த்து அப்படியே நின்றுவிட்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "பொறந்ததே பத்து நாள் லேட்டு இவன். அவங்க அப்பாதான் கையப் புடிச்சு இழுத்துட்டு வந்திருக்காரு. அதைச் சரிபண்ணிடாத தமயந்தி" என்றார், அழுகையும் சிரிப்புமாக.

நீ நன்றாக இருக்க வேண்டும், நினைத்ததெல்லாம் கைகூட வேண்டும் கண்ணு. பல் டாக்டரிடம் நேரம் வாங்கிவிடு, இந்த வாரமே.

ஆசிகளுடன்,
உன் அம்மா
தமயந்தி